பண்ணாராய்ச்சியும் பட்டமும்

திருமுறை பன்னிரண்டனுள் முதலேழாய தேவாரத் திருப்பதிகங்கள் வெறுஞ் சொற்கோவைகள் அல்ல. அவற்றுட் பெரும்பாலன நட்டபாடை, தக்கராகம், இந்தளம், காந்தாரம், கௌசிகம் முதலாய பண்களால் வகுக்கப்பெற்று, அப்பண்ணோடு பாடப்படுதற்கே அருளப்பட்டன. திருக்கோலக்காவில் ஆளுடைய பிள்ளையாருக்கு இறைவன் பொற்றாளம் ஈந்தருளினமையும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவரைப் பிரியாது உடன்சென்று அவர்தம் பதிகங்களை யாழிலிட்டு வாசித்தமையும் பெரியபுராணம் ஓதுவார் யாவரும் அறிவர். ஆகவே, அப்பண்கள் பண்டு எவ்வாறு ஒலித்தன, இன்று எவ்வாறு ஒலிக்கற்பாலன என்னும் வினா இசைவாணரது பொழுதுபோக்கு வினா அன்று; சைவர்தம் வழிபாட்டைப் பற்றிய வினாவேயாம்.

இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் இசைக்கு முதுகலைப் பட்டமும் முனைவர்ப் பட்டமும் வழங்குகின்றன. மேனாட்டிலோ, பழைய இசையை அஃது எழுந்த காலத்துக் கருவிகளோடும் முறைகளோடும் ஆராய்ந்து இசைத்தற்கென்றே தனிப் பட்டப்படிப்பு ஏற்பட்டுள்ளது. அதனைக் கண்டு, தேவாரப் பண்களுக்கும் அத்தகைய மேற்படிப்பு வேண்டுமென்று அன்பர் சிலர் விழைகின்றனர். விழைவு நன்றே. ஆயினும், அவ்விழைவினைச் சூழ்ந்து இரண்டு பொய்க்கொள்கைகள் உலவுகின்றன. 'பழம்பண் இன்னதென்று அறியவொண்ணாது; ஆகலின் ஆராய்ச்சியே வேண்டா' என்பது ஒன்று. 'நூலாராய்ச்சி ஒன்றே போதும். ஓதுவார் வழக்குப் பிற்காலத்ததாகலின் அதனைத் தள்ளுக' என்பது மற்றொன்று. இவ்விரண்டனையும் பரபக்கமாக நிறுத்தி மறுத்த பின்னரே உண்மைக் கொள்கை விளங்கும்.

முதற் பரபக்கம்: ஆராய்ச்சி வேண்டா என்பார்

இவர் கூறுமாறு: பண்ணின் பெயர்கள் மட்டுமே ஏட்டில் எஞ்சின, அவற்றின் உருவம் எஞ்சவில்லை. இன்று ஓதுவார் பாடும் இராகங்கள் பண்களே என்றற்கு உறுதியான சான்று இல்லை. எனவே, பாடுவோர் தமக்கு உவந்த இராகத்திற் பாடிக்கொள்வதால் இழுக்கொன்றுமில்லை. இறைவன் வேண்டுவது அன்பேயன்றிப் பண்ணன்று என்பதாம்.

இக்கூற்றின் முற்பகுதியில் ஓருண்மை உண்டு. ஓதுவார் வழக்கில் காந்தாரம், பியந்தைக்காந்தாரம், கொல்லி என்னும் மூன்று பண்களும் நவரோசு என்னும் ஓர் இராகத்திலேயே பாடப்பட்டு வருகின்றன. வேறு வேறு பெயர் பெற்ற மூன்று பண்கள் முதலிலேயே ஒன்றாயிருந்திருப்பின் மூன்று பெயர் வேண்டாவாம். ஆகவே, இடையிலே ஏதோ ஒரு வேறுபாடு தேய்ந்தொழிந்தது என்பது தெளிவு. இதனை மறைத்தல் அறிவுடைமையாகாது.

ஆயின், சில தேய்ந்தன என்பதினின்று யாவும் அழிந்தன என்று முடித்தல் எவ்வளவை கொண்டு? மேற்கூறிய மூன்றும் ஒன்றாய் நிற்க, கௌசிகம் பைரவியாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், செந்துருத்தி மத்தியமாவதியாகவும், வியாழக்குறிஞ்சி சௌராட்டிரமாகவும் வெவ்வேறாகவே ஓதுவார் நாவில் நிலைபெற்றுள்ளன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஊர்களிற் பயின்ற ஓதுவாரும் இவற்றைப் பெரும்பாலும் ஒருபடித்தாகவே பாடுகின்றனர். மனம்போனவாறு அமைத்துக்கொண்டதாயின் இவ்வொருமைப்பாடு யாண்டிருந்து வந்தது? கரையான் அரித்த ஏட்டிற் சில சீர்கள் சிதைந்தன என்பதற்காக எஞ்சிய பாட்டையும் தாமே புதிதாக எழுதிக்கொள்வாரை எவரும் பதிப்பாசிரியர் என்னார். பாடலிற் செய்யத் தகாததனைப் பண்ணிற் செய்யத் துணிவது என்ன முறை?

இனி, 'அன்பிருந்தாற் போதும், பண் எற்றுக்கு?' என்பார்க்கு வரலாறே விடை கூறும். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பிடாரர் 48 பேரையும், அவரோடு உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும், ஆக 50 பேரை நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்தான் என்று அக்கோயிற் கல்வெட்டே கூறுகின்றது. அன்பு மட்டும் போதுமாயின், தாளக்கருவிக்கு நெல் அளந்தது வீண்செலவாம். அவ்வேந்தன் அன்பிற் குறைந்தவனல்லன். அன்பு முறைப்பட்டு நிற்றற்கு இசை கரையாவதனை அறிந்தவன் என்க.

அன்றியும், இக்கொள்கையினர் சொல்லும் உரிமை நடைமுறையில் எங்கே கொண்டு விடுகின்றது? அரங்கிற் பாடுவோர் சிலர் தேவாரத்தைக் கச்சேரியின் இறுதிப் பகுதிக்கு ஒதுக்கி, தமக்குப் பழகிய இராகங்களைக் கோவையாக்கி, பண்ணினை நோக்காது பாடி முடிக்கின்றனர். ஒலிப்பதிவு செய்வோர் சிலர் திரைப்பாட்டின் மெட்டினையும் தேவாரத்தின்மேல் ஏற்றுகின்றனர். கேட்ட இளையோர் அதனையே தேவார இசை என்று கொள்ளுகின்றனர். ஐயத்தை முன்னிட்டுத் தொடங்கிய கொள்கை மெய்ப்பொருளை மறைப்பதில் முடிகின்றது. ஐயம் ஆராய்ச்சிக்கு வாயிலாதல் வேண்டும். சோம்பலுக்கு அரணாதல் கூடாது.

இரண்டாம் பரபக்கம்: நூலாராய்ச்சி ஒன்றே போதும் என்பார்

இவர் முன்னவரினும் கற்றவர்; ஆதலின் இவரது பிழை முன்னவர் பிழையினும் ஆழமுடையது. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரைகளும், ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், விபுலாநந்த அடிகள் இயற்றி 1947-ஆம் ஆண்டிற் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய யாழ்நூலும் கையிலிருக்க, ஓதுவார் வாய்மொழி எற்றுக்கு என்பர் இவர். மேனாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சான்று காட்டி, 'அங்ஙனம் சுவடி கொண்டே பழவிசையை மீட்டனர். இங்ஙனமே ஈண்டும் மீட்போம்' என்றும் கூறுவர். எனவே, மேனாட்டார் செய்தது யாது என்பதனை முதற்கண் உள்ளவாறு அறிதல் வேண்டும்.

மேனாட்டில் அம்முயற்சி பல்கலைக்கழகத்திற் பிறந்ததன்று. ஆர்னால்டு டோல்மெட்சு என்னும் கருவித் தச்சர் ஒருவர், வழக்கொழிந்து போன பழைய நரம்புக் கருவிகளையும் குழல்களையும் தம் கையாலே செய்து, அவற்றை வாசிக்கவும் கற்று, 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் இசையை வாசிக்கும் முறைபற்றி 1915-இல் ஒரு நூலும் எழுதினார். இங்கிலாந்தின் ஆசில்மியர் என்னும் ஊரில் 1925-இல் அதற்கென இசைவிழாவும் தொடங்கினார். அதன்பின், சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரிற் பால் சாக்கர் என்பாரும் அவர் துணைவரும் 1933-இல் ஸ்கோலா கண்டோரம் பாசிலியென்சிஸ் என்னும் கல்விநிலையத்தை நிறுவினர். இன்று அந்நிலையத்திலும், ஆலந்து நாட்டு ஹேக் நகரத்து அரச இசைக்கல்லூரியிலும், பிறவிடங்களிலும் இத்துறையில் முதுகலைப் படிப்பு நடைபெறுகின்றது. மாணாக்கர் பழைய சுரக்குறிப்பினை மூலச்சுவடியின் படியிலிருந்தே படிக்கின்றனர். குடல்நரம்பு பூட்டிய பிடிலையும் பழைய வடிவிற் செய்த குழலையும் பயில்கின்றனர். குவான்ஸ் 1752-இலும், கார்ல் பிலிப் எம்மானுவேல் பாக் 1753-இலும், லியோபோல்டு மோட்சார்ட்டு 1756-இலும் வெளியிட்ட இசைப்பயிற்சி நூல்களை ஆசிரியராகக் கொள்ளுகின்றனர்.

அவர் நூல்களை ஆசிரியராகக் கொண்டது ஏன்? உயிருள்ள ஆசிரியர் அவர்க்கு இல்லாமையாலன்றோ? அக்கருவிகளை வாசிப்பாரின் வழிமுறை இடையிலே அற்றுப்போயிற்று. ஆனால் இசையமைத்தோர் எழுதிவைத்த சுரக்குறிப்புகள் ஆயிரக்கணக்கில் எஞ்சியிருந்தன. தேவாரத்தின் நிலையோ இதற்கு நேர்மாறானது. தேவாரப் பதிகம் ஒன்றற்கேனும் மூவர் காலத்துச் சுரக்குறிப்பு இல்லை. குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் கல்வெட்டொன்றிற் சுரக்கோவைகள் பொறிக்கப்பட்டுள்ளனவேனும், அவை திருப்பதிகங்களின் மெட்டுகள் அல்ல. ஆனால் பாடும் வழிமுறையோ, தளர்ந்ததேனும், அறாது வருகின்றது. மேனாட்டார்க்கு ஏடு உண்டு, வாய் இல்லை. தமிழர்க்கு வாய் உண்டு, இசையேடு இல்லை. ஏடுடையார் செய்த முறையை ஏடில்லார் அப்படியே பின்பற்றி, தம்மிடமுள்ள வாயையும் அடைப்பாராயின், இரண்டும் இழந்தாராவர்.

மேனாட்டு வழிபாட்டிசையின் வரலாறு இதனை இன்னும் நன்கு விளக்கும். கத்தோலிக்க மதத்தாரது பழைய கிரிகோரிய இசை, பல நூற்றாண்டுகளில் உருத்திரிந்தது. 1614-ஆம் ஆண்டை ஒட்டி உரோமில் அச்சான பதிப்பில் அதன் நீண்ட இசைநடைகள் பல வெட்டிக் குறுக்கப்பட்டன. செருமானிய அச்சகம் ஒன்று அதனையே 19-ஆம் நூற்றாண்டில் உரோமபுரியின் உரிமையோடு மீண்டும் பரப்பிற்று. பிரான்சு நாட்டில் 1833-இற் புதுவாழ்வு பெற்ற சொலெம் என்னும் மடத்துத் துறவிகள் இதனை எதிர்த்தனர். அவர் வெறுஞ் சொல்லால் எதிர்த்திலர். 1889 முதற் பழஞ்சுவடிகளை நிழற்படமெடுத்து வெளியிட்டனர். ஒரே பாட்டினை 200-க்கு மேற்பட்ட சுவடிகளிலிருந்து எடுத்து வரிசையாக வைத்து, நாடும் காலமும் வேறாகிய அச்சுவடிகள் எல்லாம் அதன் மெட்டில் ஒத்திருத்தலைக் கண்கூடாகக் காட்டினர். 1903-இற் பத்தாம் பயஸ் என்னும் போப்பு அவர்தம் பணியின் பக்கம் நின்றார். 1908-இல் அவ்வாராய்ச்சி வழிவந்த பதிப்பே திருச்சபைக்கு உரியதாயிற்று. இவ்வளவும் நூலாராய்ச்சியின் வெற்றியே, அதனை மறுப்பாரில்லை.

ஆயின், அடுத்து நிகழ்ந்தது யாது? மெட்டினை மீட்ட அதே மடத்தார், அதன் நடைக்கும் ஒரு விதி வகுத்தனர். மோக்கரோ என்னும் துறவி வகுத்த அவ்விதி பதிப்புகளிற் குறியிடப்பட்டு, பல நாடுகளிற் பயிற்றப்பட்டது. பின்னர் அதே மடத்தைச் சார்ந்த கார்டீன் என்னும் துறவி, மிகப்பழைய சுவடிகளின் குறிகளை ஆராய்ந்து, அவ்விதி அக்குறிகளின் இயல்போடு பொருந்தாது என்று 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் காட்டினார். நூற்றுக்கணக்கான சுவடிகளும், உயிரையே அதற்கு ஒப்படைத்த துறவிகளும் இருந்தும், நடையைப் பற்றிய முடிபு ஒரு தலைமுறைக்குள் மாறிற்று. மெட்டினைச் சுவடி காத்தது. மூச்சினைச் சுவடி காக்கவில்லை. அதனைக் காக்கவல்லது பாடுவார் வழிமுறை ஒன்றே. அஃது அவர்க்கு அற்றுப்போயிருந்தது.

இன்னுமொன்று. பழவிசையை வாசிப்போர் இன்று ஆதார சுருதியை இக்கால அளவினும் ஏறக்குறைய அரைச்சுரம் தாழ்த்தி, நொடிக்கு 415 அதிர்வு என்று வைத்துக்கொள்ளுகின்றனர். கேட்போர் அதுவே பழைய சுருதியென்று நம்புகின்றனர். உண்மையில் அக்காலத்துச் சுருதி ஊருக்கு ஊர் வேறுபட்டது. 415 என்பது இக்காலத்தார் தம் வசதிக்கு வைத்துக்கொண்ட பொதுவளவே. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரிச்சர்டு டருஸ்கின் 1995-இல் வெளிவந்த தம் நூலில், 'பழைமை' என்று விற்கப்படும் இசையிற் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் சுவையே என்று வன்மையாக இடித்துரைத்தார். மேனாட்டு ஆராய்ச்சியே தன் எல்லையை இவ்வாறு உணர்ந்து நிற்க, அதனைச் சான்று காட்டுவார் அவ்வெல்லையை உணராமை வியப்பன்றோ?

தமிழ்நூல்களிடத்தும் இதுவே நிலை. ஒரு தானத்தில் அமையும் அலகுகள் 24 என்று நிறுவினார் ஆபிரகாம் பண்டிதர். 22 என்று கொண்டு யாழ்நூல் இயற்றினார் விபுலாநந்த அடிகள். இருவரும் பேரறிஞர், இருவரும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழிசைக்கே செலவிட்டவர். அடிப்படை அளவிலேயே அவர் வேறுபடுவாராயின், அவர் நூல்களை மட்டுமே கொண்டு ஒரு பண்ணின் கமகத்தையும் நடையையும் துணிதல் எங்ஙனம் கூடும்? நூல்கள் வழிகாட்டும், ஆனால் நடந்து காட்டா.

சுபக்கம்

இனி உண்மை கூறப்படும். சிவஞான சித்தியார் நூற்பொருள் கூறப் புகுமுன் அளவை கூறிற்று. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் மற்றை அளவைகள் யாவும் அடங்கும் என்பது சித்தாந்தத் துணிபு. காட்சியினும் ஐயமும் திரிபும் நீங்கியதே அளவையாம். முதற் பரபக்கத்தார் ஐயத்திலே தங்கிவிட்டனர். இரண்டாம் பரபக்கத்தார் கருதலை உரையாகவும் காட்சியாகவும் திரித்துக்கொண்டனர். பண்ணாராய்ச்சியிலும் இம்மூன்றனையும் அதனதன் இடத்தில் வைத்தலே முறையாம். ஓதுவார் பாடக் கேட்பது காட்சி. திருமுறை கண்ட புராணம், சிலப்பதிகார உரை, கல்வெட்டு முதலியன உரை. இவ்விரண்டனையும் ஒப்புநோக்கி, அழிந்த வேறுபாட்டினை ஊகித்தல் கருதல். கருதல், காட்சியின் துணையின்றி நில்லாது. புகையைக் காணாதார் நெருப்பினை ஊகித்தல் யாங்ஙனம்?

இதற்குச் சைவ மரபே பெருஞ்சான்று தருகின்றது. உமாபதி சிவம் அருளியதாகப் போற்றப்படும் திருமுறை கண்ட புராணம் கூறுவது யாது? தில்லையிற் பூட்டிய அறையில் திருமுறை ஏடுகள் கிடைத்தன. செல்லரித்தன போக எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி வகுத்தார். ஏடு கைக்கு வந்தமையால் பணி முற்றிற்றென்று வேந்தனும் நம்பியும் அமைந்தனரோ? இல்லை. பண் இன்னதென்று ஏட்டினால் விளங்காமையின், திருவருளை வேண்டி நின்றனர். அருள் காட்டிய வழி மற்றோர் ஏடன்று. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த ஓர் அம்மையாரே. அவரைக் கொண்டே பண்ணும், பண்ணிற்குரிய கட்டளையும் வகுக்கப்பட்டன. நட்டபாடைக்குக் கட்டளை எட்டு என்பது போன்ற வரையறைகள் அப்புராணத்தில் இன்றும் உள்ளன. முடியுடை வேந்தனும், முனிவரனைய நம்பியும் ஒரு பாணர்குலப் பெண்மணியின் முன் மாணாக்கராய் நின்றனர் என்பதனைவிடப் பண்ணாராய்ச்சிக்கு வேறு இலக்கணம் வேண்டுமோ?

அவ்விலக்கணத்தை இக்காலத்து மேற்படிப்போடு ஒத்துநோக்குக. இன்று தேவாரத்தை ஆராய்ந்து பட்டம் பெற விழைவார், நூல்நிலையத்தில் இரண்டாண்டு அமர்ந்து, அச்சிட்ட நூல்கள் பத்தினைத் தொகுத்து, பண்ணிற்கு நேரான இராகப் பட்டியலைப் படியெடுத்துக் கட்டுரையாக்கிப் பட்டம் பெற்றுவிடுதல் கூடும். அவ்வளவிலும் ஒரு பதிகத்தையேனும் ஓதுவார் முன் அமர்ந்து பாடம் கேளாமலே போதலும் கூடும். மறுபுறம், இளமைமுதற் பாடசாலையிற் பயின்று, ஆயிரக்கணக்கான பாடல்களை நெஞ்சிற் கொண்டு, காலைச்சந்தி முதல் அர்த்தயாமம் வரை திருமுன்னர் நின்று பாடும் ஓதுவார், பட்டமில்லாமையால் அப்பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு வெளியே நிற்கின்றார். ஆராயப்படுவார்க்கு இடமில்லை, ஆராய்வார்க்கே இடம் என்பது எவ்வகை நீதி? யாழ்ப்பாணர் மரபின் அம்மையார் இன்று வரின், அவரிடம் முனைவர்ப் பட்டச் சான்று கேட்பாரோ இவர்?

'விதி இடந்தாராது' என்று சிலர் கூறுவர். அதுவும் இன்று முழுதும் பொருந்தாது. பட்டம் பெறாத துறை வல்லுநரையும் 'நடைமுறைப் பேராசிரியர்' என்னும் பெயரால் நியமித்தற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்துள்ளது. வழி இருந்தும் செல்லாமை விதியின் குற்றமன்று, மனத்தின் குற்றமே.

எனவே, தேவாரப் பண்ணிற்கு மேற்படிப்பு வேண்டும்; ஆனால் அது பின்வருமாறு அமைதல் வேண்டும். மாணாக்கர் நூலைத் தொடுமுன், பண்ணிற்குச் சில பதிகங்களாக, எல்லாப் பண்களிலும் ஓதுவாரிடம் முறையாகப் பாடங்கேட்டு நெட்டுருச் செய்தல் வேண்டும். ஓதுவாரே முதலாசிரியர், நூலறிஞர் துணையாசிரியர். தருமபுரம் முதலாய ஆதீனங்களின் தேவாரப் பாடசாலைகளிலும் திருக்கோயில்களிலும் வழங்கும் பாடவேறுபாடுகளை, சொலெம் மடத்தார் சுவடிகளை வரிசைப்படுத்தியது போல, ஒரே பதிகத்தைப் பலர் பாடக் கேட்டுப் பதிந்து, ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்து ஒப்புநோக்கல் வேண்டும். காந்தாரமும் கொல்லியும் இன்று ஒரே நவரோசாயினும், முதிய ஓதுவார் சிலர் அவற்றின் எடுப்பிலோ நடையிலோ வேறுபாடு காட்டுவாராயின், அழிந்ததாகக் கருதப்பட்ட வேற்றுமையின் வேர் ஆண்டே கிடைத்தல் கூடும். உள்ளது அழியாது, மறைந்து நிற்கும் என்னும் சற்காரியவாதியாகிய சைவன், தேடுமுன் 'இல்லை' என்று கூறுதல் தன் கொள்கைக்கே முரணாம்.

இவ்வாறு தேடியபின் பாடுவோர், தாம் பாடுவது வழிவந்ததோ, நூல் கூறியதோ, தாம் ஊகித்ததோ என்பதனை அவைக்கு வெளிப்படச் சொல்லுதல் வேண்டும். ஊகித்ததனைத் 'தொன்மை' என்று முத்திரையிடுதல் கள்ளப்பணம் அடித்தலை ஒக்கும். தேர்வும் அரங்கினுள் மட்டும் அமைதல் போதாது. திருக்கோயிலிற் காலம் தவறாது சில திங்கள் பாடியதும் தேர்வின் பகுதியாதல் வேண்டும். வழிபாட்டிற்கென்று பிறந்த இசை, வழிபாட்டில் நின்றே தன்னை மெய்ப்பிக்கும்.

காலம் நீண்டதன்று. கல்வெட்டு நூறாண்டு காத்திருந்தும் படிக்கப்படும். சுவடி பெட்டியினுள் உறங்கியும் எழும். முதிய ஓதுவார் ஒருவர் மாணாக்கரின்றி மறைவாராயின், அவரோடு மறைந்த எடுப்பினையும் கட்டளையையும் எந்தப் பட்டமும் மீட்டுத் தாராது. அவ்வாறு மறைந்தபின், மேனாட்டார் போலவே தமிழரும் வாயிழந்தாராய் நிற்பர். அவர்க்குள்ள சுரச்சுவடியும் தமிழர்க்கு இல்லாமையின், அவரினும் வறியராவர். ஆகலின், பல்கலைக்கழகத்தார் பண்ணாராய்ச்சிக்கு இருக்கை அமைப்பாராயின், அவ்விருக்கையில் முதற்கண் ஓர் ஓதுவாரை அமர்த்துக. திருக்கோயிலார் ஓதுவார்க்கு மாணாக்கரையும் அம்மாணாக்கர்க்கு வாழ்வூதியத்தையும் முதற்கண் அமைக்க. தஞ்சைக் கோயிலில் அளந்த முக்குறுணி நெல்லின் கருத்து அதுவே.

திருச்சிற்றம்பலம்.